வழிநூல் மரபும் மென்பொருள் உரிமமும்

நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தது தொல்காப்பிய மரபியல். பவணந்தியார் சார்புநூலையும் கூட்டி மூன்றாக்கினார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூல் நால்வகைப்படும் என்பதும் மாணவர் அறிந்ததே. இப்பகுப்பினுள் கூறப்படாத ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. வழிநூல் செய்யப் புகுவோன் முதல்நூல் உடையாரிடம் இசைவு பெறுதல் வேண்டும் என்னும் விதி அங்கு இல்லை. முன்னோர் முடிபொடு மாறுகொள்ளாமையும் மரபு பிறழாமையுமே அவனுக்கு விதிக்கப்பட்டன. இவற்றோடு, தன் நூல் எதன்வழித் தோன்றியது என்பதைப் பாயிரத்துள் உரைத்தலும் கடனாயிற்று. சிறப்புப்பாயிரத்து உறுப்புகளுள் ஆக்கியோன் பெயருக்கு அடுத்து 'வழி' நிற்பது இக்கடன் பற்றியே.

இன்றைய சட்டமோ இதற்கு நேர்மாறான நிலையிலிருந்து தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு நூலை மொழிபெயர்க்கும் உரிமையும் தழுவும் உரிமையும் அதன் உரிமையாளர்க்கே உரியன. பிறர் செய்ய விரும்பின் அவரது இசைவு வேண்டும். 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறி நிரலையும் 'இலக்கியப் படைப்பு' என்பதனுள் அடக்கிவிட்டது. சட்டத்தின் நோக்கில் சிலப்பதிகாரத்துக்கு இன்று ஒருவர் எழுதும் உரையும், வங்கிக் கணக்கைக் கூட்டும் நிரலும் ஓரினமே. இலக்கியத் துறையினராகிய நாம் இச்செய்தி கேட்டு முறுவலிக்கலாம். ஆயினும், உரிமை பற்றி நிரலாளர் நாற்பது ஆண்டுகளாக எண்ணியும் வழக்காடியும் கண்ட முடிபுகள் நம் பதிப்புத் துறைக்குப் பயன்படுவதற்கு இவ்வினவொற்றுமையே காரணம்.

'திறந்த மூலம்' என்றும் 'கட்டற்ற மென்பொருள்' என்றும் வழங்கும் நிரல்கள் உரிமை துறக்கப்பட்டவை, உடையார் இல்லாதவை என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. அது பொருந்தாது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நிரல்களுள் பெரும்பாலானவை உரிமையுடையாரை உடையன. அவருள்ளும் பல பெரியவை ஆயிரக்கணக்கான உரிமையாளரை உடையன. அவ்வுரிமை நிலைபெற்றிருப்பதனாலேயே அவற்றின் கட்டற்ற தன்மை காக்கப்படுகிறது. இவ்வெண்ணம் பிழைபட்டதற்குக் காரணம் நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. ஆதலின் முதற்கண் அதனைக் காண்போம்.

கடலூர் மாவட்டத்து எல்லைக்குள்ளேயே இவ்வரலாற்றின் சில படிகளைக் காட்டலாம். புவனகிரிக்கு அணித்தாகிய மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகளின் திருவருட்பா முதன்முதல் அச்சேறியது 1867இல். தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு திருமுறைகளைப் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்தற்குரிய சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. பதிப்புரிமைக்கோ அதற்கு முன்னரே 1847ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. நூல் வெளிவந்ததிலிருந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள், அல்லது ஆசிரியர் வாழ்நாளும் அதன்மேல் ஏழாண்டுகளும், இவற்றுள் நீண்டது எதுவோ அதுவே அச்சட்டம் வகுத்த எல்லை. அவ்வாறு கணக்கிடின் திருவருட்பாவின் முதற்பதிப்புக்கு எல்லை 1909ஆம் ஆண்டு. ஆனால் அடிகள் கவலைகொண்டது உரிமை பற்றியன்று. நூலில் தம் பெயர் எவ்வாறு அச்சிடப்படும் என்பது பற்றியே. 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அதனைத் தவிர்க்குமாறு அவர் தம் கடிதத்தில் எழுதினார். ஆசிரியர் பெயரை எவ்வாறு குறிப்பது என்பதும் ஆசிரியரே உரைக்கத்தக்க நிபந்தனை என்பதற்கு இது நல்ல சான்று. பின்னர் வரும் உரிமங்களில் இந்நிபந்தனையையே நாம் மீண்டும் காண்போம்.

அடுத்த படி பாரதியார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளிவந்தபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்தவர் அவர். 1921இல் அவர் மறைந்தபின் அவர் பாடல்களின் உரிமை குடும்பத்தார் கையினின்று பலவாறாகப் பிரிந்தது. அச்சிடும் உரிமை ஓரிடத்தும், இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றுக்குரிய உரிமை வேறிடத்தும் சென்றன. மக்கள் எல்லாரும் பாடிய பாடலை நாடகக்காரரும் திரைப்படத்தாரும் பாட இசைவு பெற வேண்டிய நிலை வந்தது. அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பொருள் பெறாமலே அரசுக்கு வழங்கினார். பின்னர் அவ்வுரிமை மக்களுக்கு விடப்பட்டது. சட்டத்தின்படி 1971 வரை காத்திருக்க வேண்டியது இவ்வாறு இருபதாண்டளவு முந்தியது.

இதுவே 'நாட்டுடைமை' என்னும் சொல் தமிழில் ஊன்றிய வரலாறு. இதன்பின் தமிழ்நாட்டரசு நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியரின் நூல்களை, வழிவந்தோர்க்குப் பரிவுத்தொகை அளித்து, நாட்டுடைமை ஆக்கியுள்ளது. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமையாயின. அவர் மறைந்தது 1948இல். உரிமைக்காலம் ஐம்பதாண்டிலிருந்து அறுபதாண்டாக 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீட்டிக்கப்பட்டமையின், நாட்டுடைமை ஆகாதிருப்பின் 2008 இறுதி வரை உரிமை நீடித்திருக்கும்.

நாட்டுடைமையால் விளைந்த நன்மை பெரிது. அதனை மறுப்பார் இலர். ஆயினும் அது உரிமையைக் கலைக்கும் முறையேயன்றி உரிமையைப் பகிரும் முறையன்று. நாட்டுடைமையான நூலை எவரும் அச்சிடலாம். அச்சிடுவோர் எந்தப் பதிப்பைத் தழுவினர் என்று கூறக் கடமைப்பட்டிலர். பாடத்தைத் திருத்தியும் குறைத்தும் வெளியிடுவாரை, ஆசிரியர் வழிவந்தோர் வழக்காடினாலன்றிக் கேட்பாரில்லை. ஒருவர் உழைத்துச் செம்மை செய்த பாடத்தின்மேல் மற்றொருவர் குறிப்புகளைச் சேர்த்துத் தம் புதிய பதிப்பினைப் பூட்டிவைத்தலும் கூடும். பொதுவிலிருந்து எடுத்தவர் பொதுவுக்கு எதையும் திருப்பித் தர வேண்டுவதில்லை.

மென்பொருள் உலகில் இதே இடர்ப்பாடு முப்பதாண்டு பிந்தித் தோன்றியது, தீர்வோ வேறாயிற்று. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் இயக்கவும் கற்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு மென்பொருள் தொகுதியை ஆக்குவது அதன் நோக்கம். மென்பொருளைத் திருத்த வேண்டின் அதன் மூலநிரல், அஃதாவது மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம், கையில் இருத்தல் வேண்டும். இயந்திரம் படிக்கும் வடிவத்தை மட்டும் தருதல், சுவடியைத் தராது பாட்டைப் பாடிக் காட்டி அனுப்புதல் போல்வது. ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட 'ஈமாக்ஸ்' என்னும் உரைத்தொகுப்பு நிரலில், ஜேம்ஸ் காஸ்லிங் என்பார் முன்னர் எழுதிய சில பகுதிகள் இடம்பெற்றிருந்தன. காஸ்லிங்கோ தம் நிரலின் உரிமையை யூனிபிரஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அந்நிறுவனம் தடை கூறவே, அப்பகுதிகளை நீக்கிப் புதியன எழுத நேர்ந்தது. வாய்மொழி இசைவையும் நட்பையும் நம்பிப் பகிர்தல் போதாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

அதன் பின்னர் எழுதப்பட்ட உரிமப் பத்திரம் 1989இல் 'பொதுமக்கள் பொது உரிமம்' என ஒருவடிவம் பெற்றது; அதன் ஆங்கில முதலெழுத்துகளால் 'ஜி.பி.எல்.' என வழங்கும். 1991இல் இரண்டாம் பதிப்பும் 2007இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. அதன் கருத்து சுருங்கக் கூறின் இது: இந்நிரலின் உரிமை எனக்கு உண்டு. அவ்வுரிமை கொண்டு உனக்கு இசைவு தருகிறேன். நீ இதனை விரும்பியவாறு திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் நீ திருத்தியதைப் பிறர்க்கு வழங்கினால் மூலநிரலையும் கூட வழங்குதல் வேண்டும். நான் உனக்குத் தந்த இசைவையே நீ அவர்க்கும் தருதல் வேண்டும். வழிநூல் முதல்நூலின் உரிமத்தையே தானும் உடைத்தாதல் வேண்டும் என்பதே இதன் சாரம். உரிமையைத் துறந்தவன் இந்நிபந்தனையை விதிக்கவியலாது என்பது வெளிப்படை. இதனை இலவசம் என்று மொழிபெயர்ப்பது பெருந்தவறு. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் நிற்பதால் அங்கு மயக்கம் உண்டு. தமிழில் 'கட்டற்ற' என்றும் 'இலவச' என்றும் இருசொல் உளவாகவும் நாம் அம்மயக்கத்தை வலிந்து வரவழைத்துக்கொள்வது ஏனோ!

எல்லா உரிமங்களும் இத்துணைக் கடுமையுடையன அல்ல. பெர்க்லி பல்கலைக்கழகத்து உரிமம் போல்வன, ஆசிரியர் பெயரையும் உரிமைக் குறிப்பையும் நீக்காமை ஒன்றையே பெரிதும் வேண்டுவன. திருத்தியவர் தம் திருத்தத்தைப் பூட்டிவைக்கலாம். இவ்விருவகையுள் எது சிறந்தது என்னும் சொற்போர் நிரலாளரிடையே இன்றும் ஓய்ந்திலது. அதனுள் நாம் புக வேண்டுவதில்லை. இருவகையும் பதிப்புரிமையின்மேலேயே நிற்கின்றன என்பது போதும். இதனை உறுதிப்படுத்திய தீர்ப்புகளும் உள. செருமனியில் மூனிக் நீதிமன்றம் 2004இல் ஜி.பி.எல். நிபந்தனையை மீறிய நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு ஜேக்கப்சன்-கேட்சர் வழக்கு விளையாட்டுப் புகைவண்டிகளை இயக்கும் ஒரு நிரல் பற்றியது. பொருளால் சிறியதாயினும் முடிபால் பெரியது. எதிர்வழக்காடியவர் அந்நிரலின் கோப்புகளை எடுத்தாண்டு, ஆசிரியர் பெயர்களையும் உரிமைக் குறிப்பையும் விட்டுவிட்டார். இலவசமாகத் தரப்பட்டதன் நிபந்தனையை மீறுதல் வெறும் ஒப்பந்த மீறல் என்று கீழ்மன்றம் கொண்டது. மேல்முறையீட்டு மன்றமோ அது பதிப்புரிமை மீறலே ஆகலாம் என்றது. பொருள் பெறாது வழங்கினும் நிபந்தனைக்கு மதிப்பு உண்டு என்பது இதனால் நிலைபெற்றது. பாயிரத்தைக் கிழித்தெறிந்து நூலைத் தன்னதாக வழங்குதல் குற்றம் என்னும் நம் முன்னோர் கருத்துக்கு, அயல்நாட்டு மன்றம் ஒன்று பொம்மைப் புகைவண்டியின் வாயிலாகச் சான்று பகர்ந்தது எனலாம்.

இனிப் பலர் கூடி ஆக்கும் படைப்பில் உரிமை யாருக்கு என்னும் வினா எழுகிறது. நம் தொகை நூல்களை இங்கு நினைத்தல் தகும். குறுந்தொகையைத் தொகுத்தோர், பாடியவர் பெயரைப் பாட்டுத்தோறும் குறித்தனர். பெயர் தெரியாதவிடத்துப் பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என வழங்கினர். அங்கு ஒவ்வொருவர் பங்கும் பிரிந்து நிற்கிறது. சீவக சிந்தாமணியின் நிலை வேறு. திருத்தக்கதேவர் பாடியன 2700 என்பர் நச்சினார்க்கினியர். நூலில் இன்று காணப்படுவன 3145. மிகுந்த நானூற்று நாற்பத்தைந்து செய்யுளைக் கந்தியார் முதலியோர் இடையிடையே சேர்த்தனர் என்பர். அவை எவையெனத் துணிந்து பிரித்தல் இன்று எவர்க்கும் அரிது. இந்தியச் சட்டம் 'கூட்டுப் படைப்பு' என்பதற்குக் கூறும் இலக்கணமும் இதுவே: ஒருவர் பங்கு மற்றவர் பங்கினின்று பிரித்தறிய இயலாதவாறு பலர் ஒத்துழைத்து ஆக்கியது. சிந்தாமணியில் ஒத்துழைப்பு இருந்ததில்லை என்பது மட்டுமே வேற்றுமை.

நிரலாளர் இச்சிக்கலுக்கு இருவழி கண்டனர். ஸ்டால்மன் 1985இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, தன் முதன்மையான நிரல்களுக்குப் பங்களிப்போர் தம் உரிமையை எழுத்தால் அறக்கட்டளைக்கே மாற்றித் தருமாறு வேண்டிற்று. உரிமையாளர் ஒருவரே ஆதலின் வழக்காடுதலும் உரிமத்தை மாற்றுதலும் எளிது. ஆனால் அவ்வொருவர்பால் எல்லாரும் நம்பிக்கை வைத்தல் வேண்டும். 2021இல் 'ஜி.சி.சி.' என்னும் பெருநிரலின் நடத்துநர் இக்கட்டாயத்தைக் கைவிட்டனர்.

மற்றொரு வழி பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் சென்ற வழி. முதலில் பொருளீட்டும் நோக்கில் வழங்கலாகாது என்று தாமே எழுதிய நிபந்தனையை 1992இல் நீக்கி, அவர் ஜி.பி.எல். உரிமத்தை ஏற்றார். அதில் எழுதுவோர் ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்கு உரிமையாளராகவே நிற்கின்றனர். அவர்தம் தொகை பல்லாயிரம். எந்த வரியை யார் எந்நாளில் எழுதினார் என்பதைப் பதிந்துவைக்க 2005இல் அவர் 'கிட்' என்னும் கருவியையும் ஆக்கினார். கந்தியாரின் செய்யுள்களுக்கு இத்தகைய ஏடு ஒன்று இருந்திருப்பின் உ.வே. சாமிநாதையர்க்கு எத்துணை உழைப்பு மிஞ்சியிருக்கும்! ஆயின் பலருடைமைக்கு ஒரு விலையும் உண்டு. லினக்ஸ் உட்கரு இரண்டாம் பதிப்பு உரிமத்துக்கே உட்பட்டது. 2007இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது டோர்வால்ட்ஸ் அதனை விரும்பவில்லை. விரும்பியிருந்தாலும் பல்லாயிரவர் இசைவைப் பெறுதல், மறைந்தோரின் வழிவந்தோரையும் தேடுதல், நடைமுறைக்கு ஒவ்வாது. 1998இல் மூலநிரல் வெளியிடப்பட்ட நெட்ஸ்கேப் உலாவியின் வழித்தோன்றலான மோசில்லாத் திட்டத்தார் அத்தேடலை மேற்கொள்ளவே செய்தனர். 2001இல் தொடங்கிய உரிம மாற்றம் நிறைவேறப் பங்களித்தோரை ஒவ்வொருவராகக் கண்டு கேட்டுப் பல ஆண்டுகள் கழிந்தன.

தமிழில் இவ்வாறு பலருடைமையாய் எழுந்த மிகப் பெரிய ஆக்கம் தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய அது இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டது. அதற்கு உரிமையாளர் எந்த நிறுவனமும் அன்று, எழுதியோர் அனைவருமே. அதன் வரலாற்றில் நம்மவர் பலர் அறியாத நிகழ்ச்சி ஒன்று 2009இல் நடந்தது. உலக விக்கிப்பீடியாக்கள் யாவும் முதலில் மென்பொருள் கையேடுகளுக்கென எழுதப்பட்ட க்னூ ஆவண உரிமத்தில் வெளிவந்தன. ஒரு பக்கத்தை அச்சிட்டு வழங்க உரிமப் பத்திரம் முழுவதையும் உடன் அச்சிட வேண்டிய இடர் அதில் இருந்தது. 'படைப்பாக்கப் பொதுமம்' என்னும் அமைப்பு வகுத்த, பெயர் குறித்தலும் அவ்வண்ணமே பகிர்தலும் வேண்டும் உரிமம் இதனினும் எளியது. ஆனால் எண்ணற்ற ஆசிரியரிடம் இசைவு பெறுவது எங்ஙனம்? வழி முன்னரே இடப்பட்டிருந்தது. எழுதியோர் அனைவரும் அவ்வுரிமத்தின் 'இப்பதிப்பு அல்லது பிற்பதிப்பு' எதற்கும் இசைந்தே எழுதியிருந்தனர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 நவம்பரில் 1.3 எண்ணுள்ள பிற்பதிப்பை வெளியிட்டு, விக்கித் தளங்கள் குறித்த காலத்துக்குள் புதிய உரிமத்துக்கு மாறலாம் என்று அதில் ஒரு விதி சேர்த்தது. பங்களிப்போர் வாக்கெடுப்பின் பின் 2009 சூனில் மாற்றம் நிகழ்ந்தது. முகப்பில் இருந்த 'பிற்பதிப்பு' என்னும் ஒரு சொல், தமிழ் உள்ளிட்ட அத்துணை மொழிக் கலைக்களஞ்சியங்களின் இடர்ப்பாட்டையும் தீர்த்தது.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் சங்க நூல் முதலாகப் பலவற்றை மின்வடிவாக்கினர். ஒவ்வொரு மின்னூலின் தலைப்பக்கமும் தட்டச்சிட்டவர், மெய்ப்பு நோக்கியவர் பெயர்களைக் கூறும். அத்தலைப்பக்கத்தைச் சிதையாமல் காத்தால் கோப்பினை எவரும் வழங்கலாம் என்பதே அவர்கள் வைத்த நிபந்தனை. மூலநூல்களின் உரிமைக்காலம் முடிந்தமையின் சட்ட நோக்கில் இது வலிமை குன்றிய உரிமமே. உரிமம் என்பதினும் பாயிரம் என்பதே பொருந்தும். ஆனால் அப்பாயிரத்தையும் நீக்கிவிட்டு அப்பாடங்களை எடுத்தாள்வார் பலர் என்பதை ஆய்வேடுகளைத் திருத்துவோர் நன்கு அறிவர்.

இவையெல்லாம் நம் துறைக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். புவனகிரிப் பகுதிக் கைத்தறி நெசவாளர் வழங்கும் பாவு, ஊடை, நாடா முதலிய தொழிற்சொற்களை முதுகலை மாணவர் ஆண்டுதோறும் திரட்டிப் பொருள் விளக்கமும் எடுத்துக்காட்டும் எழுதிவருகின்றனர் என்று கொள்வோம். தனிச்சொல்லுக்கு எவரும் உரிமை கொண்டாடவியலாது. விளக்கத்துக்கோ, வேறு உடன்படிக்கை இல்லாதவழி, அதனை எழுதிய மாணவரே முதல் உரிமையாளர். பத்தாண்டில் நாற்பது மாணவர் எழுதியதைப் பிழைதிருத்தி செய்வார் ஒருவர்க்குத் தர விரும்பின், நாற்பதின்மர் இசைவும் வேண்டும். 'எவரும் பயன்படுத்தலாம்' என்று முகப்பில் எழுதிவிட்டால் போதாதோ எனின், போதாது. நம் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றத்தில் காலம் கூறப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், எல்லை கூறப்படாவிடின் இந்தியா மட்டும் என்றும் கொள்ளச் சொல்கிறது. 30அ பிரிவு அவ்விதியை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. ஆறாம் ஆண்டில் அவ்விசைவு முடிந்தது என்று வாதிட இடமுண்டு. யாழ்ப்பாணத்தாரும் சிங்கப்பூராரும் அதனைப் பயன்படுத்தலாமா என்பதும் ஐயமே. ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பும் படைப்பாக்கப் பொதும உரிமமும் இசைவு பதிப்புரிமைக்காலம் முழுதும் செல்லும் என்று வெளிப்படையாகக் கூறுவது இத்தகைய ஐயங்களைக் களையவே. ஆதலின் தொகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும், தம் பெயரோடு, உரிமத்தின் பெயரையும் 'இப்பதிப்பு அல்லது பிற்பதிப்பு' என்பதையும் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று. அதற்கு ஒரு தாள் போதும்.

சொற்களை உரைத்த நெசவாளரின் நிலை இவ்வாறு எளிதாக முடிவதன்று. விளக்கத்தை எழுதியவன் மாணவன் ஆதலின் சட்டம் அவனையே ஆசிரியன் என்னும். தறியில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துரைத்தவர்க்கு அதனால் உரிமை எதுவும் வருவதில்லை. உரிமங்களும் அவரைப் பற்றிப் பேசா. அவர் பெயரைத் தொகுப்பின் முகப்பில் சேர்க்கத் தடையும் இல்லை. சேர்க்குமுன், எவ்வாறு குறிப்பது என்று அவரையே கேட்டறிந்து எழுதுதல் வேண்டும்.